இரண்டு டாலருக்குப் போன ஆப்பிள் பை

அன்புள்ள குட்ரூன் அக்காவுக்கு,

தம்பி ஆர்விட் மினசோட்டாவிலிருந்து எழுதிக்கொள்வது. அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். இங்கே பனி இன்னும் வரவில்லை. என் மானம்தான் போய்விட்டது. வந்து இரு, வந்து இரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாயே, உன் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் இருக்கிறதா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் சர்ச்சில் அறுவடை விருந்து வந்தால் பெண்கள் மாவுக்குள் பழம் வைத்துச் சுட்டுவரும் ஆப்பிள் பை, பூசணிப் பைகளை ஏலம் விடுவார்கள், எடுத்தவர் சுட்டவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒருத்தன் ஒருத்திமேல் கண் வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் ஊரே சேர்ந்து விலையை ஏற்றிவிட்டு அவனைக் கதற அடிக்கும், இதெல்லாம் உனக்குத் தெரியும். நூலகத்தில் வேலை பார்த்தாளே மார்லிஸ், அவளும் இப்போது என்னைப் போலத் துணையை இழந்தவள். ஞாயிறுதோறும் பக்கத்தில் உட்கார்ந்து வானிலை பேசுகிறேன், அதற்கு மேல் வாய் வருவதில்லை. அவள் பையை எடுத்து, ஒரே மேஜையில் உட்கார்ந்து, மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று ஆசை. ஆனால் ஊர் கேலி பண்ணுமே!

கல்லூரியில் காலமெல்லாம் ஏலக் கோட்பாடு சொல்லிக்கொடுத்தவன் சும்மா இருப்பானா? விருந்துக் குழுவிடம் போய், இனிமேல் கூச்சல் வேண்டாம், அவரவர் தொகையை மூடிய உறையில் போடட்டும், அதிகம் எழுதியவருக்கே பை, ஆனால் அவர் கொடுக்க வேண்டியது அவருக்கு அடுத்தவர் எழுதிய தொகைதான், ஆகவே மனதில் உள்ள மதிப்பை அப்படியே எழுதுவதுதான் எல்லோருக்கும் லாபம் என்று விளக்கினேன். மாட்டுச் சந்தையில் கத்திப் பழகின ஏலக்காரர் ஓரின், "அப்ப நான் என்னத்தக் கத்துறது, புரொபசரே?" என்றார். "பேரையும் குடுக்க வேண்டிய விலையையும் வாசிச்சாப் போதும்" என்றேன். பாவம், அவர் முகம் தொங்கிவிட்டது.

என் உறையில் தொள்ளாயிரம் டாலர் எழுதினேன். சத்தியமான மதிப்பு. மற்ற பைகள் நாற்பது, அறுபது என்று போயின. மார்லிஸுடையது வந்ததும் ஓரின் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "புரொபசர் ஆர்விட். ரெண்டு டாலர்" என்றார். எனக்கு அடுத்தபடியாக யாரோ எழுதியிருந்தது அவ்வளவுதான். முகத்துக்கு நேரே விலை ஏற்றிக் கேலி பண்ண வழியில்லாததால், இந்த நல்ல ஜனங்கள் எனக்கு எதிராக எழுத மனமில்லாமல் விட்டுவிட்டார்கள்! என் கோட்பாட்டில் இப்படிப்பட்ட மனிதர்களுக்கு இடமே இல்லை அக்கா.

மார்லிஸ் பையைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள்.

"ரெண்டு டாலரா? இதுல போட்ட வெண்ணெயே அதுக்கு மேல ஆகும்."

"நான் எழுதினது தொள்ளாயிரம், மார்லிஸ்."

"அப்பக் குடுங்க."

"விதிப்படி குடுக்கக் கூடாது."

"எந்தப் புண்ணியவான் போட்ட விதி அது?"

நான் முள்கரண்டியை எடுத்துத் துடைத்தேன்.

"எவ்வளவு வேணா எழுதலாம், குடுக்க வேண்டாம்னா, அந்த உண்மைய யாருங்க நம்புவா?" என்று சொல்லிவிட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மனிதர்கள் நஷ்டப்படாமல் உண்மை சொல்ல என்ன வழி என்றுதான் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தேன். நஷ்டமே இல்லாமல் சொன்னால் கேட்பவளுக்கு அது காதிலேயே விழாது என்று ஒரு கட்டுரையிலும் எழுதவில்லை. ரொம்ப வெட்கமாயிருக்கு அக்கா. இனி எந்த முகத்தோட சர்ச்சுக்குப் போவேன்? வீட்டை விற்றுவிட்டு வருகிறேன். பின்னறையில் ஒரு கட்டில் போட்டுவை.

அத்தானின் முழங்கால் வலி தீரக் கர்த்தர் அருள் செய்யட்டும். உங்கள் இருவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் மக்குத் தம்பி
ஆர்விட்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கதவு தட்டப்பட்டது. மார்லிஸ், அதே பையோடு. "அந்த ரெண்டு டாலர எழுதிப் போட்டதே நான்தான். உங்களுக்கு எதிரா எழுத மாட்டோம்னு எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்லிட்டாங்க. விட்டிருந்தா என் பை உங்களுக்கு ஓசியில போயிருக்கும்!" சுட்டவளே எழுதுவது விதிக்குப் புறம்பு என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை மூடிக்கொண்டேன். "அப்புறம் ஏன் கோவம்?" என்றேன். "ஓரின் சத்தமா வாசிச்சதும் மானம் போச்சு. ஐநூறு எழுதியிருக்கணும்." உட்கார்ந்து இரண்டு தட்டு கேட்டாள். "எழுதினதெல்லாம் இருக்கட்டும். வாயால சொல்லுங்க, கேப்போம்." உறை இல்லை, விதி இல்லை. காது சிவந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துச் சொல்லிவிட்டேன். கட்டில் வேண்டாம் அக்கா. நீயும் அத்தானும் கம்பளிக் கோட்டை எடுத்துத் தூசி தட்டுங்கள், கல்யாணம் இங்கேதான்.