மணப்பெண்களுக்கு மட்டும் விலக்கு

அந்த அறிவிப்பைப் பேரூராட்சி வாசல் பலகையில் ஒட்டியவன் நான். படித்துப் பார்க்காமல் ஒட்டினேன் என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவாரில்லை. பதினான்கு வருஷமாக எதையுமே படித்துப் பார்க்காமல்தான் ஒட்டுகிறேன் என்பது வெளியில் தெரியாத செய்தி.

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே பேரூராட்சி அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளன். பெயர் நத்தானியேல்.

சனிக்கிழமை வீட்டில் சாப்பிடும்போது ஒரு பேச்சு வந்தது. மக்கள் தெருவில் என்ன உடுத்திக்கொண்டு போகவேண்டும் என்று அரசாங்கம் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம் என்றாள் அம்மா. அப்போதாவது கிழிந்த ஜீன்ஸோடு பிள்ளைகள் சர்ச்சுக்கு வராமல் இருக்குமாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று லேப்டாப்பைத் திறந்து அரசாங்கத் தமிழில் ஓர் ஆணை அடித்து வாசித்துக் காட்டினேன்.

'நமது பகுதியின் தோல் தொழிலைப் பெருமைப்படுத்தும் பொருட்டு, பொதுமக்கள் அனைவரும் பொது இடங்களில் டேன் (பதனிட்ட தோலின் இளம்பழுப்பு) நிற ஆடை மட்டுமே அணிதல் வேண்டும். உடனடியாக அமலுக்கு வருகிறது.'

அம்மாவும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் தங்கை ஜெயசீலியும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஒட்டவேண்டியவை குடிநீர் வரி பற்றிய பதினோரு அறிவிப்புகள். வீட்டில் அடித்து பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். மொத்தமாகப் பிரிண்ட் கொடுத்தபோது பன்னிரண்டு தாள் வந்தது. அரசாங்க மிஷினில் ஒன்று கூடுதலாக வந்தால் சந்தோஷம்தானே என்று பன்னிரண்டுக்கும் சீல் குத்தி, பலகையில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை டீக்கடை சமீருல்லா பாய் டேன் கலர் சட்டையில் நின்றார். வெள்ளை ஜிப்பா தவிர வேறெதிலும் அவரை நான் பார்த்ததில்லை.

"இன்னா பாய், புதுச் சட்டையா?"

"நீங்கதானே நோட்டீஸ் ஒட்டினீங்க?" என்றார் டீயை ஆற்றிக்கொண்டே. "நீங்க போட்டுனு வரலியா சார்?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். குடிநீர் வரிக்கும் நாய் வளர்ப்பு உரிமத்துக்கும் நடுவில் என் நகைச்சுவை, என் சீலோடு தொங்கியது. கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, அது விளையாட்டுக்கு எழுதியது, மன்னிக்கணும் பாய் என்றேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். மேலிடத்தில் மிரட்டி இவனை இப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று பரிதாபப்படுகிற பார்வை.

"சீல் இருந்துதே சார்," என்று மட்டும் சொன்னார்.

மத்தியானத்துக்குள் ஊரில் வேறு பேச்சு. நோட்டீஸை எடுத்துவிட்டார்களாம், அப்படியானால் கெடு முடிந்து அமலுக்கு வந்துவிட்டதாம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பாதிக் கூட்டம் டேன் கலர். இது ஷூ கம்பெனி ஊர். டேன் என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் நடத்தவேண்டியதில்லை. பத்து வருஷம் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர்கள் பக்கத்தில் நிற்பவரின் சட்டைக் கையை விரலால் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு விட்டார்கள். யாரும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஸ்பீடு பிரேக்கர் போட்டால்கூட நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.

வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"டேய், வியாழக்கெழம பொண்ணு வெள்ளப் பொடவ கட்டினு தெருவுல நடக்கலாமா?"

வியாழக்கிழமை ஜெயசீலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஷாஜின் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து சர்ச்சுக்கு நாலு தெரு. பேண்டு வாத்தியத்தோடு நடத்திக் கூட்டிப்போவது வழக்கம். நானும் அம்மாவும் வேலூரில் ஆறு கடை ஏறி இறங்கி எடுத்த வெள்ளைப் பட்டு பீரோவில் இருந்தது. அப்பா இல்லாத பெண். அந்த நாலு தெருவையும் அவள் தலைநிமிர்ந்து நடக்கவேண்டும் என்பதற்காகவே நான் ரெண்டு வருஷம் பைக் வாங்காமல் இருந்தேன். இப்போது என் ஜோக் ஒன்று குறுக்கே நிற்கிறது.

"நான் பாத்துக்கறேம்மா," என்றேன். நான் பார்த்துக்கொண்ட விஷயங்களின் கதி அம்மாவுக்குத் தெரியும்.

புதன் காலை ஆபீஸுக்குப் போனேன். பலகையில் அறிவிப்பு மறுபடியும் இருந்தது. கிழித்த அதே இடம். பசை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. யாரோ முன்யோசனையோடு கலர் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பார்த்தேன். எதிர்வரிசையில் டேன் கலரில் ஏழெட்டுப் பேர் நின்று நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் பார்வையைத் தரையில் போட்டார்கள். அதையும் கிழித்தேன்.

கிழித்தால் போதாது, மறுப்பு எழுதவேண்டும் என்று தோன்றியது. 'டேன் நிற ஆடை பற்றிய அறிவிப்பு தவறானது' என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இதையும் நம்பாமல் போய்விட்டால் ஜெயசீலி என்ன ஆவது என்ற கவலையில் கீழே ஒரு வரி சேர்த்து ஒட்டினேன்: 'எவ்வாறாயினும் மணப்பெண்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.'

விலக்கு ஒன்று இருக்கிறதென்றால் விதி ஒன்று இருக்கிறது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு என் மேஜை முன்னால் வரிசை நின்றது. தும்மல்கூட இல்லை. முதல் ஆள் விரிஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தார். விடியற்காலையில் அவருடைய அப்பா இறந்துவிட்டாராம். அடக்கம் எங்கள் ஊரில்.

"போத்தியிருக்கிறது வெள்ளத் துணி சார்," என்றார் தாழ்ந்த குரலில். "வூட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் பரவால்ல. தெருவுல எடுத்துனு போறப்போ எதுனா ஆயிடுமான்னுதான்..."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு விதியே கிடையாதுங்க, நிம்மதியாகப் போய் நல்லடக்கம் செய்யுங்கள் என்றேன். அவர் நகரவில்லை. எழுத்தில் கேட்டார். கண் சிவந்திருந்த மனுஷனை எத்தனை நேரம் நிறுத்தி வைப்பது? 'காலமானவர்களுக்கும் விலக்கு' என்று எழுதி, அவர் கேட்டதால் சீலும் குத்திக் கொடுத்தேன். வரிசையில் இருந்த எல்லோரும் அதை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வேறு வழியில்லாமல் செயல் அலுவலர் இளம்பரிதி சாரின் அறைக்குப் போனேன். டேன் கலர் சஃபாரியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆணை போலி, நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"யார் சொல்லி எழுதின?"

"யாரும் சொல்லல சார்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து என் காதருகே குனிந்தார்.

"எங்கிட்டகூட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா நத்தானியேல்?"

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தேன். பலகையில் மறுபடி ஓர் அறிவிப்பு ஈரமாக மின்னியது. கிழித்தேன், ஆனால் எனக்கே அதில் நம்பிக்கை போய்விட்டது. ஷிஃப்ட் முடிந்து ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. இருநூறு முந்நூறு பெண்கள் இறங்கினார்கள். தலை முதல் கால் வரை டேன். பாலாற்றுப் பக்கத்துப் புழுதியும் அதே நிறத்தில் எழும்ப, ஆள் எது தூசி எது என்று தெரியவில்லை. நீலச் சட்டையில் நான் வருவதைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நான் கடந்ததும் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

நான் நேராகக் கௌசர் அக்கா துணிக்கடைக்குள் போய்விட்டேன். நான் வாய் திறக்கும் முன்பே அக்கா ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். டேன் கலர் சட்டை.

"ஒரே பீஸ்தான் இருந்தது சார். எடுத்து வெச்சேன்."

"யாருக்குக்கா?"

"உங்களுக்குத்தான். ஊர்ல நீங்க மட்டும்தான் பாக்கி."

போட்டுக்கொண்டேன். சட்டத்தை எழுதினவனே கடைசியில் சட்டத்துக்குப் பயந்துபோனது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியாது. சட்டையின் தோள் இரண்டும் முழங்கைக்கு இறங்கியது. ஆனால் தெருவில் எவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நிம்மதி எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வீட்டு மாடியில் அம்மா வெள்ளைப் பட்டைக் காற்றாட விரித்திருந்தாள். கீழே தெருவில் பத்துப் பதினைந்து பேர் நின்று அண்ணாந்து அதையே பார்த்தார்கள். கோபம் இல்லை. சாவு வீட்டுக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்கள். அம்மா ஓடிப்போய்ப் புடவையைச் சுருட்டி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

அன்றைக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். டேன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெள்ளைச் சட்டை, கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கொண்டு ஜெயசீலியின் அறைக் கதவைத் தட்டினேன்.

"நீ வெள்ளதான் கட்ற. நான் முன்னாடி நடக்கறேன். எந்த கவர்மெண்டு வந்து தடுக்குதுன்னு பாத்துர்றேன்," என்றேன். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பேசியதால் வீரமாகவே வந்தது.

கதவு திறந்தது. ஜெயசீலி ஜரிகை போட்ட டேன் கலர் பட்டில் நின்றாள். அழுதிருப்பாளோ என்று முகத்தைப் பார்த்தேன். ஹேர்பின்னை வாயில் கடித்தபடி மல்லிகை வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, சட்டம்னு வந்தப்புறம் நாம இன்னா பண்ண முடியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பிளவுஸைக் கவனித்தேன். கச்சிதமான தையல். கைகளில் நுணுக்கமான ஆரி வேலை, சின்னச் சின்ன மணிகள். எங்கள் ஊர்த் தையற்காரர் சாதாரண பிளவுஸுக்கே மூன்று வாரம் இழுத்தடிப்பார். நோட்டீஸ் ஒட்டி மூன்று நாள்தான் ஆகிறது.

"ஜெயா, இத எப்ப எடுத்த? உண்மையச் சொல்லு."

அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்து நிதானமாகத் தலையில் செருகினாள்.

"ரெண்டு மாசம் ஆச்சுண்ணா. டெய்லி ஆஸ்பத்திரில வெள்ளதான் போடறேன், கல்யாணத்துக்காவது வேற கலர் கட்றேன்னு சொன்னா நீயும் அம்மாவும் என்ன உண்டு இல்லன்னு பண்ணிருப்பீங்க, கவர்மெண்டு சொன்னா மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டீங்க, அதான் நீ சனிக்கெழம வெளாட்டுக்கு டேன்னு எழுதினத உன் பென் டிரைவ்ல போட்டு வுட்டேன், நீ கிழிக்க கிழிக்க ஒட்டினும் இருந்தேன்."