ஊதினால் தெரியும் வியாதி

புத்தாண்டு பிறந்து மூன்று வாரம். அதற்குள் தூத்துக்குடியில் பாதிப் பேர் திருந்திவிட்டார்கள். மீதிப் பேர் திருந்துவதற்காக ஞாயிறுதோறும் காலையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ‘ஆனந்த வாழ்வுக்கு ஏழு பழக்கங்கள்’ முகாம்.

நடத்தியவர் கிருபாகரன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். டாக்டர் என்று அவர் எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாததையும் நம்புகிற கூட்டம் கிடைத்தபோது அவர் ஏன் சொல்லவேண்டும்?

அதிகாலையில் எழு, நட, தண்ணீர் குடி, எண்ணெயைக் குறை, நேரத்தோடு தூங்கு, வாய்விட்டுச் சிரி. இந்த ஆறு பழக்கமும் இலவசம். ஆகவே யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ஏழாவது, தினம் ஒரு சிட்டிகை ‘கடல்முத்துப் பொடி’. டப்பா இரண்டாயிரம் ரூபாய். இதை மட்டும் பேனா கடன் வாங்கி எழுதிக்கொண்டார்கள்.

நிரூபணம் இல்லாமலா? மேடையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் இருந்தன. முதல் தம்ளரில் இருந்த ‘தீர்த்தத்துக்குள்’ உறிஞ்சுகுழலால் ஊதினால், தெளிந்த நீர் பாலாக வெளுக்கும். “உங்க உடம்புல இருக்க விஷம்!” என்பார் கிருபாகரன். பிறகு நாக்கில் ஒரு சிட்டிகை பொடி. இரண்டாவது தம்ளரில் ஊதினால் நீர் தெளிவாகவே இருக்கும். விஷம் போயிற்று! மண்டபம் கைதட்டும். மேடையில் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஜீவமணி டீச்சர் எல்லாருக்கும் முந்திக் கைதட்டுவார்.

துறைமுகத்தில் லாரி ஓட்டும் செந்தூர்பாண்டி முதல் ஞாயிறே ஊதிவிட்டார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. அன்றைக்கே மாத்திரைகளைக் குப்பையில் போட்டார். இப்போது இடது காலின் சுண்டுவிரலில் புண்; விரல் கறுத்திருந்தது.

“ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று மனைவி இசக்கியம்மாள் நாலு நாளாக மன்றாடினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வெற்றிலைக் கடை வைத்திருப்பவள்.

“ஏளா, விஷம் கால் வழியா இறங்குதுன்னு சொல்லுதாரு. தண்ணி வெளுத்ததை என் கண்ணால பாத்தேன்.”

“கால் கறுத்ததையும் அதே கண்ணால பாருங்க.”

“அவரு சொல்லுதது பொய்யின்னு காட்டு. அன்னைக்கே வாரேன்.”

அதனால்தான் இந்த ஞாயிறு அவளும் அவரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் தம்ளரின் நீர்மேல் மெல்லிய வெள்ளை ஆடை படிந்திருந்தது. அவளுக்கு அதைத் தெரியும். கடையில் வெற்றிலைக்குத் தடவும் சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தால், மேலே தெளிகிற நீரில் தினமும் படிகிற அதே ஆடை. சோடா தெறித்தால் அந்த நீர் பாலாக வெளுப்பதும் அவள் கடையில் கண்டதுதான். எழுந்து வெளியே போனாள். எதிர்க் கடையில் ஒரு கோலி சோடா வாங்கிக்கொண்டு நேரே மேடை ஏறினாள்.

“ஐயா, உங்களுக்கு வியாதி ஏதும் உண்டா?”

“இருபது வருஷமா ஒரு தும்மல்கூட இல்லம்மா!”

“அப்ப இதுல நீங்க ஒருக்கா ஊதுங்க. நோயில்லாத மூச்சு எப்படி இருக்குன்னு பாப்போம்.”

கிருபாகரனின் சிரிப்பு பாதியில் நின்றது. “எனக்கு எதுக்கும்மா? தீர்த்தம் வீணாயிரும்.”

“நீங்க ஊதாண்டாம். இது ஊதட்டும்.” சோடாவை உடைத்துத் தம்ளரில் கொஞ்சம் சரித்தாள். தீர்த்தம் வெள்ளை வெளேரென்று ஆனது.

“ஏலே, சோடாவுக்கும் சுகரு!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. மேடையில் இருந்த ஜாடியிலிருந்து முதல் தம்ளரில் புதிதாகத் தீர்த்தம் ஊற்றிக் கணவனைக் கூப்பிட்டாள். செந்தூர்பாண்டி நொண்டிக்கொண்டே மேடையேறினார். நாக்கில் பொடி போட்டுக்கொண்டு முதல் தம்ளரில் ஊதினார். வெளுத்தது. இரண்டாவது தம்ளரில், பொடியைத் தொட்டே பார்க்காத இசக்கியம்மாள் ஊதினாள். தெளிவாகவே இருந்தது.

“இது சுண்ணாம்புத் தண்ணி. யாரு மூச்சு பட்டாலும் வெளுக்கும். அது குழாத் தண்ணி. நாள் முழுக்க ஊதினாலும் வெளுக்காது” என்றாள்.

ஜீவமணி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா... மூச்சுலயும் சோடாவுலயும் இருக்கது ஒரே கரியமில வாயு. அதுபட்டா சுண்ணாம்புத் தண்ணி வெளுக்கும். நானே இதைப் பாடமா நடத்தியிருக்கேன்.”

“பெறவு ஏன் டீச்சர் வாயைத் தொறக்கல?”

“அது பரீட்சைக்கு உள்ளதுன்னுல்லா நெனச்சேன்!”

சமையற்கட்டு வழியாக நழுவிய கிருபாகரனைப் பின்வாசலில் மடக்கிப் போலீசில் ஒப்படைத்தார்கள். செந்தூர்பாண்டி யாரையும் பார்க்கவில்லை. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “வாளா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை இசக்கியம்மாள் கடையைத் திறந்தபோது வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். வெற்றிலைக்கு இல்லை. முன்னால் நின்றவள் ஒரு சோடா பாட்டிலைப் பயபக்தியோடு நீட்டினாள்.

“யக்கா, ஒங்க கையில ஏதோ சக்தி இருக்குன்னு ஊரே பேசுது. இதைத் தொட்டுக் குடுங்க. என் இடுப்பு வலி போயிரும்.”

இசக்கியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏளா, சோடா தாகத்துக்கு. இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரி இருக்கு. இதைப் பிரிச்சுப் பாக்க மூளை வேணும். அது இங்கன விக்கிறதில்ல. ஒன் கழுத்துக்கு மேலதான் இருக்கு. ஒரு நாளாவது எடுத்துப் பொழங்கு!”