இரண்டு டின்னுக்கும் பொட்டு வைத்தேன்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். காருக்கு ஆயில் வாங்கி வர வேண்டும்.

கார் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. என் வீட்டுக்காரர் அதைத் திண்டிவனத்தில் வாடகைக்கு ஓட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை அந்தக் காரில்தான் விழுப்புரம் போய், எங்கள் மகள் வசந்தாவுக்கு நிச்சயத் தாம்பூலம் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் அம்மா குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று வேறு கேள்வி. எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"முப்பது நம்பர் வாங்கியாந்துடாதே. பழைய வண்டி, வெயில் காலம். கெட்டியா நாப்பது நம்பர் கேளு" என்றார் அவர்.

மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு நாற்பது வரைக்குமா எண்ணத் தெரியாது! "நாப்பது, நாப்பது" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கடைக்காரர் என் கையைப் பார்த்தார். "டின்னு எங்கம்மா? பீப்பாயிலேர்ந்து அளந்துதான் ஊத்துவேன்."

திரும்ப வீட்டுக்கு ஓட்டம். ஒரே மாதிரி இரண்டு மூடி டின் இருந்தன. ஒன்றில் மாப்பிள்ளை வீட்டுச் சீருக்காக மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலெண்ணெய். எங்கள் கொல்லையில் விளைந்து செக்கில் ஆட்டியது. காலி டின்னைக் கொண்டுபோய் ஆயில் வாங்கி வந்தேன்.

மாறிவிடக் கூடாதே! சீர் டின்னுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். என் புத்தியை நினைத்து எனக்கே பெருமை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. காரிலிருந்த பழைய ஆயிலை வடித்துவிட்டு அவர் குளிக்கப் போனார். நான் இரண்டு டின்னையும் சாமி முன்னால் வைத்தேன். அப்போது ஒரு யோசனை. நமக்குச் சோறு போடுகிற கார், அதற்குப் போகிற ஆயில் மட்டும் மூளியாக இருக்கலாமா?

அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

"பத்தரைக்கு ராகு காலம், ஜல்தி!" என்று வெளியிலிருந்து சத்தம். "நான் வெள்ளை வேட்டி கட்டிக்கினு இருக்கேன். ஆயில நீயே ஊத்திடு!"

கைக்கு வந்த டின்னைத் தூக்கிப் போய், புனல் வைத்து ஊற்றினேன். தண்ணீராக ஓடியது. முப்பது நம்பரைத் தலையில் கட்டிவிட்டானே பாவி என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஊற்றினேன்.

விக்கிரவாண்டி வருவதற்குள் என் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, யாரோ போண்டா சுடறாங்க."

இரண்டு மைல் தாண்டியதும், "இங்கயும் சுடறாங்க!"

இன்னும் இரண்டு மைல். "என்னா அண்ணி, ரோடு பூரா போண்டாக் கடையா வச்சிக்கினு இருக்கானுங்க?"

"பசிக்குதுன்னா பசிக்குதுன்னு சொல்லேன்டி" என்றேன்.

விழுப்புரத்தில் சம்பந்தியம்மா டின்னைக் கையில் வாங்கினார். "உங்க கொல்லை எண்ணெயா! தோ, இதுலயே வடை சுட்டுடறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் தெருவிலிருந்து வந்து என் காதருகில் குனிந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆயில் அளக்கற கம்பிய உருவி மோந்து பாத்தேன்டி. இன்ஜினுக்குள்ள மல்லாட்டை எண்ணெய்!"

"அப்படின்னா டின்னுல?"

"நாப்பது நம்பர்."

அடுப்படிக்கு ஓடினேன். வாணலி காய்ந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா கரண்டிக் காம்பால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார்.

"தொறக்காதீங்க!"

"ஏன்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்க பக்கம் ஒரு வழக்கம்ங்க. நிச்சயத்துக்குக் குடுத்த எண்ணெயக் கல்யாணம் முடியிற வரைக்கும் தொறக்கக் கூடாது. தொறந்தா... குடும்பத்துல புகைச்சல் வரும்."

பின்னாலேயே வந்த நாத்தனார், "நம்ம வழக்கமா? எப்பலேர்ந்து..." என்று ஆரம்பித்தாள். அவள் காலை மிதித்தேன்.

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மகள் வாழ்க்கை அந்தக் கரண்டிக் காம்பில் நின்றது.

"நல்ல வேளை சொன்னீங்க" என்றார். "இந்தக் காலத்துல யாரு முறையெல்லாம் பாக்கறா? எனக்கு இந்த மாதிரி எடம்தான் வேணும்."

டின் சாமி அறைக்குப் போனது. தாம்பூலம் மாறியது. என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் வேறு ஆயில் வாங்கி ஊற்றி எங்களை வீடு சேர்த்தார்.

கல்யாணம் முடிந்து வசந்தாவை விடப் போனபோது, நிஜ மல்லாட்டை எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுபோய் நைசாக மாற்றி வைத்தேன். வாராவாரம் பூவும் கற்பூரமும் பார்த்த அந்த ஆயிலைக் காருக்கு ஊற்றினோம். அதற்கப்புறம் வண்டி ஒரு இடத்தில்கூட மக்கர் பண்ணவில்லை.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம். போன மாதம் என் மகனுக்கு நிச்சயம். பெண் வீட்டார் ஒரு டின் கடலெண்ணெய் கொண்டுவந்தார்கள். வீட்டில் எண்ணெய் தீர்ந்திருந்தது. வடைக்கு மாவு தயார். கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினேன்.

என் கையை ஒரு கை பிடித்தது. வசந்தாவின் மாமியார்!

"என்னா சம்மந்தியம்மா, நீங்களே மறந்துட்டீங்களே! விழுப்புரத்துல எங்க தெருவுல ஒருத்தரும் இப்பத் தொறக்கறதில்ல, தெரியுமா?"

அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இட்லிதான்.