சிங்தாவில் அண்ணாந்து குடித்தவன்

குடிக்காதவன் என்று பெயர் எடுப்பது பெரிய சாதனையில்லை. யாரும் வாங்கித் தராமல் இருந்தாலே போதும். மல்லேஸ்வரத்தில் நான் அப்படித்தான் எடுத்தேன். மாமனார் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, "மாப்பிள்ளைக்குக் காபிக்கு மேல எதுவும் தெரியாது" என்பார். (டம்ளரை உதட்டில் வைக்காமல் தூக்கி ஊற்றிக்கொள்ளும் பரம்பரை என்பது எங்கள் இன்னொரு பெருமை. எல்லா வினையும் அதில்தான்.)

இந்தப் பெயரோடு, கம்பெனிக்கு மெஷின் வாங்க, மேனேஜர் மஞ்சுநாத்துடன் மூன்று நாள் சீனாவுக்குப் போனேன். உலகத்தில் வேறு ஊரே இல்லாத மாதிரி, மெஷின் கிடைத்தது சிங்தாவில். கடலோர ஊர், பீருக்குப் பேர்போனது. நம் ஹோட்டலில் சாம்பார் பார்சல் கட்டும் அதே மாதிரிப் பையில் பீரை நிரப்பி, ஆளுக்கொன்று ஆட்டிக்கொண்டு போகிறார்கள்.

கிளம்பும்போதே மனைவி சொல்லியிருந்தாள்: "அங்க ஏதாவது ஆச்சுன்னா அப்பா மூஞ்சில முழிக்க முடியாது. சொல்லிட்டேன்."

கடைசி நாள் விருந்து. மேஜை முழுக்க நண்டும் சிப்பியும். நான் வேர்க்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மெஷின் கம்பெனி முதலாளி எழுந்து வந்து என் கையில் ஒரு பீர் கிளாஸைத் திணித்தார்.

"மோர் கிடைக்குமான்னு கேளுங்க," என்றேன் மஞ்சுநாத்திடம்.

"சீனாவுல மோரா? ஏன் சார் நீங்க! உதட்ட ஸ்வல்ப நனைச்சுட்டு வெச்சிடுங்க. யாரு பாக்கப்போறாங்க?"

நல்ல யோசனைதான். உறிஞ்சத் தெரிந்தவனுக்கு. 'கான்பே!', அதாவது கிளாஸைக் காலி செய், என்று எல்லோரும் கத்தியதும், பதற்றத்தில் கை பழகிய பாதையில் மேலே போனது. தலை அண்ணாந்தது. ஒரு முழ உயரத்திலிருந்து மொத்த பீரும் அருவியாக உள்ளே இறங்கியது. நுரை மட்டும் மூக்கு வரை ஏறி நின்றது.

மேஜையைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு கைதட்டல். மகா வித்தை என்று நினைத்துவிட்டார்கள்! அங்கே ஒரு வழக்கம்: மரியாதைக்குரியவரோடு குடிக்கும்போது நம் கிளாஸை அவர் கிளாஸுக்குக் கீழே இறக்கி இடிக்க வேண்டும். முதலாளி என் கிளாஸின் அடிவரை இறக்கினார். பிறகு அவர் மைத்துனர். பிறகு அக்கவுண்டன்ட். போதும் என்பதற்கு நம் பந்தி வழக்கப்படி கிளாஸைக் கையால் மூடினேன். கையை மிகுந்த மரியாதையோடு எடுத்து வைத்துவிட்டு ஊற்றினார்கள்.

மஞ்சுநாத் தடுத்திருக்கலாம். வீடியோ எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், "மேடம், சார் நம்ம மானத்த காப்பாத்திட்டாரு" என்று எழுதி என் மனைவிக்கே அனுப்பினார். (மனுஷனா அவர்!) அவள் போனில் அதைத் திறந்து பார்த்தது மாமனார்.

ஊர் திரும்பியபோது ஹாலில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

"மாப்பிள்ளை."

"மாமா... அது வந்து..."

"சட்டையில ஒரு சொட்டு சிந்தலையே!"

அதோடு விட்டாரா? இன்றும் எந்த விசேஷப் பந்தியிலும் நான் தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் மைத்துனன்கள் 'கான்பே!' என்று கத்துகிறார்கள். மாமனார் கத்துவதில்லை. தன் டம்ளரை என் டம்ளருக்கு அடியில் இறக்கி, பவ்யமாக ஒரு இடி. பக்கத்து இலைக்காரருக்கு விளக்கம் சொல்வது என் மனைவி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கிளாஸ் கூட்டிச் சொல்கிறாள்.