நீலம் வராத குடுவை

குடுவை இன்றைக்கும் வெள்ளைதான். மயூரதன் அதை ஆய்வுகூட ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கண்டியின் ஹந்தானை மலை மேகம்கூட இதைவிடக் கொஞ்சம் நீலமாக இருந்தது.

நீலம் வந்தால் ஆய்வு முடியும், யாழ்ப்பாணம் போகலாம், அங்கே மனைவி தர்சிகா. வராவிட்டால் பிலிமத்தலாவையில் ஒற்றைக் கட்டில் அறை.

குடுவைக்குள் ஈஸ்ட். அதன் மரபணு ஒன்றின் வாசலில் ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. கலக்டோஸ் என்ற தனிச் சீனியைப் போட்டால் அது மரபணுவைத் தட்டி எழுப்பும், நீலம் வரும். சாதாரணச் சீனி கலந்துவிட்டாலோ, விருந்துச் சோறு தின்ற மாப்பிள்ளை மாதிரி அசையாது.

"எழும்பன் ராசா," என்றான் புரதத்திடம். அந்த மாடியில் பேசுவதற்கு வேறு ஆளில்லை, பேராசிரியர் விமலநாதனைத் தவிர. அவருடைய மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார்; மகள் கனடாவில்.

"வந்திட்டுதே ஐசே?" வழக்கம்போல இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு அவர் கதவில் நின்றார்.

"இல்லை சேர்."

"சீ, பாவம்." முகத்தில் பாவம் அவ்வளவாகத் தெரியவில்லை. "ஆறுதலாச் செய்யும். முதல் இதைக் குடியும்."

கலக்டோஸ் பழசோ என்று புதுப் போத்தல் திறந்தான். ஈஸ்ட் கொழுத்தது, நீலம் வரவில்லை. புது ஈஸ்ட் வளர்த்தான். அது இன்னும் கொழுத்தது. மெலிந்தது அவன்தான். யாரோ கை வைக்கிறார்கள் என்று சந்தேகம் வந்து, ஆய்வுகூடத்துக்குப் பூட்டுப் போட்டான். மற்றச் சாவியை, கண்டியில் தான் நம்பும் ஒரே மனிதரிடம் கொடுத்தான்.

"நான் சாப்பிடப் போற நேரம் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ சேர்."

"ஓம் ஓம், அதை என்னட்ட விடும்."

குடுவை மோர் மாதிரி வெளுத்தது.

"எப்ப வாறீங்கள்?" என்றாள் தர்சிகா தொலைபேசியில்.

"ஈஸ்டைத்தான் கேக்கோணும்."

"அதிட்ட ஃபோனைக் குடுங்கோ, நான் கேக்கிறன்."

அவன் சிரித்தான். வைத்த பிறகு அறை முன்னைவிட அமைதியாக இருந்தது.

தினமும் படியேறி வருகிற மனிதருக்கு இன்றைக்காவது தான் தேத்தண்ணி கொண்டுபோவோம் என்று கீழே கன்டீனுக்கு இறங்கினான்.

"ரபீகாக்கா, ரெண்டு தேத்தண்ணி. சேருக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்கோ, பாவம் மனுசன்."

ரபீகா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"சேருக்கு சீனி வருத்தமே தம்பி, அவர் தேத்தண்ணிக்கு சீனியே போடறல்ல. நீங்க ஊருக்குப் போகப்போறீங்கன்னு கவலையாச் சொன்ன நாள்லேருந்து, தினம் ஒரு கரண்டி சீனிய மட்டும் தாள்ல சுத்திக்கிட்டு உங்கட ரூமுக்குத்தானே ஏறுறாரு?"