விருந்தாளி முன்னால் ஒரு மாத்திரை

"முழுங்கிட்டீங்களா?"

"ஆச்சுடா."

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்டா."

"வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. அந்தப் பக்கம் காட்டுங்க. இப்ப இந்தப் பக்கம்."

சாத்மோகோ வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கினார், எழுபத்தெட்டு வயதில் மிச்சமிருந்த பற்களையெல்லாம் மகனுக்குக் காட்டினார். வாய் சுத்தமாக இருந்தது. குந்தோரோவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பினான். வாசலில் தொங்கிய கூண்டிலிருந்து புறா தலையைச் சாய்த்து அவனையே பார்த்தது. அதன் தீனிக் கிண்ணத்தில், தினைக்கு நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு மாத்திரை.

"அப்பா!"

"என்னடா?"

"புறாவுக்கும் பிரஷரா?"

"பாவம், விடியறதுக்கு முன்னாடியே கத்துதேடா. இருந்தாலும் இருக்கும்."

குந்தோரோ சோலோ நகரத்தில் ஒரு பாத்திக் துணிப் பட்டறையில் மேஸ்திரி. கொதிக்கிற மெழுகும் செப்பு அச்சுமாக நிற்கும் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே கனைப்பில் அடக்குகிறவன். அவனுக்கு அடங்காத ஒரே ஆள் இந்த அப்பாதான்.

விளையாட்டு விஷயமா இது? அம்மா போனதே பிரஷரில்தான். "தல சுத்துது, அவ்வளவுதானே, மாத்திரை எதுக்கு" என்று சொல்லிச் சொல்லியே ஒருநாள் கிணற்றடியில் சாய்ந்துவிட்டாள். அப்பாவையும் அப்படி விட்டுவிட முடியாது. அது ஒன்றுதான் குந்தோரோவின் பயம்.

இத்தனைக்கும் மாத்திரைப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்ததே அப்பாதான். "சாயங்காலம் ஒண்ணு போடணுமாம்டா. ஒரு நாளும் விடக்கூடாதாம். எனக்கு ஞாபகம் நிக்காது, நீதான் பாத்துக்கணும்" என்றார். கொடுத்த அன்றிலிருந்தே முழுங்க மாட்டேன் என்று முரண்டு. சரி, ஒளிக்கவாவது தெரிகிறதா? பூத்தொட்டியில் மண்ணுக்கு மேலேயே கிடக்கும். செருப்புக்குள் கிடக்கும். தொழுகைத் தொப்பியை எடுத்து உதறினால் விழும். திருட்டுத்தனம் பண்ணக்கூடத் துப்பில்லாத மனிதரை எப்படித்தான் திருத்துவது?

"பலகாரத்துக்குள்ள வெச்சுக் குடுத்துப் பாருங்களேன்" என்றாள் மனைவி ரெத்னோ.

குந்தோரோவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அன்று சாயங்காலம் ரெத்னோ கிளெப்போன் பிடித்தாள். பச்சை நிற அரிசிமாவு உருண்டை, உள்ளே பனைவெல்லப் பாகு, மேலே தேங்காய்த் துருவல். அப்பாவுக்கு அதென்றால் உயிர். ஓர் உருண்டைக்குள் வெல்லத்தோடு மாத்திரையையும் வைத்து உருட்டினார்கள். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, குந்தோரோ கைகழுவப் போனான். திரும்பி வந்தால் தட்டைக் காணோம்.

"கிளெப்போன் எங்கப்பா?"

"ஜுமாடி வீட்ல குடுத்துட்டு வந்தேன்."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? வீட்ல ஒண்ணு பண்ணினா பக்கத்து வீட்டுக்குக் குடுக்காம திங்கற வழக்கம் நம்ம குடும்பத்துல உண்டா? அதுவும் அரைத் தட்டு குடுத்தா என்னடா நெனைப்பாங்க?"

ஜுமாடி அந்தத் தெருவின் தலைவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மரியாதைக்காரர். குந்தோரோ செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். அவர் வாசலில் போய் நின்ற பிறகுதான், என்ன சொல்வது என்ற கேள்வியே வந்தது. கொடுத்த பலகாரத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? உள்ளே மாத்திரை இருக்கிறது என்றுதான் சொல்ல முடியுமா?

"சும்மா... பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், மாமா."

"வா வா தம்பி! உக்காரு!" ஜுமாடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேநீர் வந்தது. கூடவே அதே கிளெப்போன் தட்டும் வந்தது. "மொங்கோ, மொங்கோ, எடுத்துக்கோ."

மொங்கோ என்று உபசரித்தால் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. குந்தோரோ பிகு பண்ணவில்லை. ஒன்றை வாயில் போட்டு நசுக்கினான். வெறும் வெல்லம். இன்னொன்று. அதுவும் வெல்லம். ஜுமாடியின் கை தட்டை நோக்கி நீண்டது. குந்தோரோ அவர் தொடப்போன உருண்டையையே லபக்கென்று எடுத்தான்.

"அது சரியா வேகல, மாமா."

"பரவாயில்ல தம்பி, இந்தப் பக்கம் இருக்கறத..."

"அதுவும் வேகல!"

மோவாயில் பாகு வழிய வழிய ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தான். கடைசி உருண்டையில்தான் பல்லில் நறுக்கென்று மாட்டியது. மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கோணல் வாயோடு, "ரொம்ப நழ்றி மாமா" என்று எழுந்தான். திரைக்குப் பின்னால் நின்ற ஜுமாடியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டது அவன் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் சோறு வந்து இறங்கியது. ஒரு வீட்டிலிருந்து பலாக்காய்க் குழம்பு. இன்னொரு வீட்டிலிருந்து தெம்பே என்கிற சோயா வில்லை வறுவல். எதிர்வீட்டுக்காரி ஒரு முழுக் கோழியோடு வந்து ரெத்னோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கஷ்டம்னா வாயத் தொறந்து சொல்லணும், தங்கச்சி. குடுத்தனுப்பின பலகாரத்த அவரே வந்து உக்காந்து தின்னுட்டுப் போற அளவுக்கா பட்டினி கெடப்பீங்க?"

வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. ஆகவே ரெத்னோ தட்டுக்குத் தட்டு ஏதாவது சமைத்து வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்களும் சளைக்கவில்லை. தட்டுகள் மறுபடி நிரம்பி வந்தன. அடுப்படியில் வெந்து வியர்த்து நின்ற ரெத்னோ கரண்டியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவ உருண்டையில மாத்திரை வெச்சீங்க, நடக்கறதே வேற."

இந்த அமளியில் குந்தோரோ ஒன்றைக் கவனித்தான். வந்தவர்கள் முன்னால் அப்பா ஒரு சின்னப் பிசகுகூடப் பண்ணவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அத்தனை பாந்தம். ஆகா! விருந்தாளி முன்னால் அப்பாவால் முரண்டு பிடிக்க முடியாதே!

உடனே ஜுமாடியைத் தேநீருக்குக் கூப்பிட்டான். பாவம், பசியில் இருக்கிற குடும்பம், போகாவிட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்கள் என்று அவரும் வந்தார். ஆளுக்கு ஒரு தேநீர். அப்பா முன்னால் கூடுதலாக ஒரு சின்னத் தட்டு, அதில் ஒற்றை மாத்திரை.

"அப்பா, உங்க மாத்திரை" என்றான் குந்தோரோ, விருந்தாளிக்குக் கேட்கிற மாதிரி.

சாத்மோகோ தட்டை எடுத்தார். எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, ஜுமாடியிடம் நீட்டினார்.

"மொங்கோ."

ஜுமாடியின் மீசை ஒருமுறை துடித்தது. "ஐயோ பெரியவரே, வேண்டாம், உங்களுக்கு இருக்கட்டும்."

"கூச்சப்படாதீங்க. நம்ம வீடு."

"இப்பதான் வீட்ல சாப்பிட்டுட்டு வந்தேன்..."

"ஒண்ணே ஒண்ணுதானே. எனக்காக."

ஒரு பெரியவர் ஏந்திய தட்டை மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொல்ல ஜுமாடி வளர்ந்த வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாத்திரையை எடுத்தார். அது அவர் உதட்டைத் தொடுவதற்குள் குந்தோரோ மேசைக்கு மேலே பாய்ந்துவிட்டான். மாத்திரை கைக்கு வந்துவிட்டது. தேநீர் மட்டும் ஜுமாடியின் மடிக்குப் போய்விட்டது.

"அப்பா! அவருக்கு எதுக்கு உங்க மாத்திரை?"

"பின்ன? ஒரு மனுஷன் பாத்துட்டு இருக்கறப்ப நான் மட்டும் வாயில போட்டுக்கறதா? எங்கம்மா என்னை அப்படியா வளத்தா? நீயும்தான் தெனம் வந்து வெறும் வாயோட முன்னாடி நிக்கறே. எப்படிடா எனக்கு எறங்கும்?"

"அப்ப என்னதான் பண்ணணுங்கறீங்க?"

"கூட உக்காந்து நீயும் ஒண்ணு போடு. நானும் போடறேன்."

"நான் எதுக்குப்பா போடணும்?"

நனைந்த கைலியைப் பிழிந்துகொண்டிருந்த ஜுமாடி தலையை நிமிர்த்தினார். "ஏன் தம்பி, போன வருஷம் பட்டறையில எல்லாருக்கும் சோதிச்சப்ப உனக்கும் பிரஷர் இருக்குன்னாங்களே. மாத்திரைகூட எழுதிக் குடுத்தாங்கல்ல?"

கொடுத்தார்கள்தான். அட்டைகூடப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் கிடந்தது. ரெத்னோ சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோன விஷயம் அது. "எனக்கு என்ன மாமா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று குந்தோரோ மார்பைத் தட்டிக்காட்டினான்.

"அப்ப எனக்கும் வேண்டாம்" என்றார் சாத்மோகோ. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் புறாவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

என்ன செய்வான்? பெற்ற அப்பா. மறுநாள் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு கிளினிக்கில் போய் வரிசையில் உட்கார்ந்தான். டாக்டரம்மா பிரஷர் பட்டையைக் கையில் சுற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக முறைத்தார்.

"இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எங்கப்பாவ மாத்திரை போட வெச்சிட்டு இருந்தேன், டாக்டர்."

அன்று சாயங்காலத்திலிருந்து வாசலில் இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். "மொங்கோ" என்பார் அப்பா. "நீங்க மொதல்ல" என்பான் மகன். "அட, நீ எடு." கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டு, ஒரே நேரத்தில் தண்ணீரைக் குடித்து, ஒருவருக்கொருவர் நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள். புறாவின் கிண்ணத்தில் அதன்பின் தினையைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்பாவின் பிடிவாதங்கள் மட்டும் குட்டி போட்டன. "நீ உப்பு முட்டை தின்னா நானும் திம்பேன்." சரி, வீட்டில் உப்பு முட்டை நின்றது. "நான் தனியா நடக்கப் போனா வழுக்கிடும், கூட வா." சரி, காலையில் நடை. ஒருநாள் பட்டறையில் அவசர வேலை. கொட்டுகிற மழையில் தாமதமாக வந்து பார்த்தால், அப்பா மாத்திரையை முன்னால் வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "நீ வராம எப்படிடா?" அதோடு கூடுதல் நேர வேலைக்கும் குந்தோரோ கும்பிடு போட்டான்.

அலுப்புத்தான். ஆனால் அப்பா மாத்திரை போடுகிறாரே! அந்த நிம்மதியில் அவனுக்குத் தூக்கம்கூட நன்றாக வந்தது. பட்டறையில் வாய் ஓயாமல் அளந்தான். "பெத்தவங்கள வழிக்குக் கொண்டாறது ஒரு கலைடா. நாமளும் கூட எறங்கணும். தியாகம் பண்ணணும்."

தெருப் பொது மண்டபத்தில் முதியவர்களுக்கு உடம்பு பார்க்கும் நாள் வந்தது. எடை பார்த்து, பிரஷர் பார்த்து, ஒரு கிண்ணம் பாசிப்பயறுக் கஞ்சி கொடுப்பார்கள். பிரஷர் பார்க்கிறவள் யாத்மி அக்கா. அதே தெருவில் குடியிருக்கிறவள், சம்பளமில்லாமல் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டவள். சாத்மோகோவின் கையில் பட்டையைச் சுற்றினாள், பார்த்தாள், தலையாட்டினாள். "அருமை. போய்க் கஞ்சி குடிங்க."

அவர் எழுந்து போனதும் குந்தோரோ அடக்கமாகத் தொண்டையைச் செருமினான். "எல்லாம் நான் பட்ட பாடுதான், அக்கா."

"இருக்கட்டும். நீங்க உக்காருங்க."

"நானா? நான் எங்க முதியவன்?"

"உக்காருங்கங்கறேன்ல."

பட்டை இறுகியது, தளர்ந்தது. யாத்மி அக்கா எண்ணைப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி அமுக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு, "அல்ஹம்துலில்லா, எறங்கிடுச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"என் பிரஷருக்கு நீங்க ஏன் அக்கா அழறீங்க? எங்கப்பாவுக்குக் கொறஞ்சதுதானே பெரிசு?"

"அவருக்கு எப்பங்க ஏறுச்சு? விடியக்காலைத் தொழுகை முடிச்ச கையோட அவர் மாத்திரைய அவரே போட்டுக்குவாரு, இத்தன வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல. சாயங்காலம் உங்களுக்காகப் போடறது வெறும் சத்து மாத்திரை. 'சம்சாரத்தத்தான் பறிகுடுத்துட்டேன், என் புள்ள மாத்திரை போட மாட்டேங்கறான், அவன எப்படியாச்சும் போட வைக்கணும், ஒரு வழி சொல்லு'ன்னு வந்து கேட்டவரே அவர்தானுங்களே!"

மண்டபத்தின் அந்தக் கோடியில் சாத்மோகோ இரண்டாவது கிண்ணம் கஞ்சிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். குந்தோரோ அவரையே பார்த்தபடி நின்றான்.

சாயங்காலம் வழக்கம்போல வாசலில் இரண்டு தட்டு. அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சத்து மாத்திரையைக் கசப்பு மருந்தைப் பார்க்கிற மாதிரியே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "மொங்கோ" என்கிறார். வாய் நிறைய நன்றி இருக்கிறது குந்தோரோவிடம். சொல்லிவிட்டால் அப்பாவுக்குக் கூச்சமாகிவிடும், ஆட்டம் கலைந்துவிடும். சொல்லாவிட்டால் இவனுக்கு நெஞ்சு தாங்காது. நீங்களே சொல்லுங்களேன், அவன் இப்போது என்ன பண்ணட்டும்?