படம் இரண்டில் என் பெயர்

நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். வரிசை இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

1. என் ஆய்வுக் கட்டுரைக்குள் என் பெயர் எங்கேயும் தெரியக் கூடாது என்று இதழ் சொன்னது.
2. இருபத்து மூன்று இடங்களில் இருந்த பெயரைத் தேடித் தேடி நீக்கினேன்.
3. நான் நீக்கியதைச் சுகன்யா சரிபார்த்தாள். சுகன்யா சரிபார்த்ததை நான் சரிபார்த்தேன்.
4. அனுப்பினேன்.
5. என் பெயர், படித்த பட்டங்களோடு, ஓர் அடி உயர எழுத்தில் கட்டுரைக்குள்ளேயே இருந்தது.

ஐந்தாவது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால், அந்தக் காலத்தில் நான் எப்படிப்பட்டவளாக இருந்தேன் என்பது தெரிய வேண்டும். சிதம்பரத்தில் எங்கள் ஆய்வகத்திலிருந்து எந்தக் கட்டுரை எந்த இதழுக்குப் போனாலும், முதலில் என் மேசைக்கு வரும். ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், மேற்கோள் பட்டியலில் ஆண்டுக்குப் பின்னால் புள்ளியா காற்புள்ளியா, அட்டவணைக்குத் தலைப்பு மேலேயா கீழேயா, எல்லாம் எனக்கு அத்துப்படி. நாற்பத்தோரு வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருந்தேன். அதை லேமினேட் செய்திருந்தேன். (ஈரக் கையோடு நண்டு அளக்கிற இடத்தில் வெறும் காகிதம் இரண்டு நாள் தாங்காது.) திட்டக்குடியிலிருந்து வந்து என்னோடு ஆராய்ச்சி செய்த சுகன்யா அதற்கு வைத்த பெயர் ரேஷன் கார்டு. "அந்த ரேஷன் கார்ட எடுடி, அது இல்லாம இந்த ரூம்ல ஒண்ணும் நடக்காது" என்பாள்.

பிறர் கட்டுரைகள் இருபதுக்கு மேல் அப்படி அனுப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூட ஃபார்மேட் சரியில்லை என்று திரும்பியதில்லை. அந்தப் பெருமையில் நான் நடக்கிற நடையே கொஞ்சம் மாறிப் போயிருந்தது என்று சுகன்யா இன்றும் சொல்கிறாள்.

என் சொந்தக் கட்டுரை, கடலூர் கடற்கரையில் மீனுக்கு விரிக்கிற வலையில் வேண்டாமல் வந்து மாட்டிக்கொள்ளும் நண்டுகளைப் பற்றியது. ஓராண்டு முழுக்க அப்பாவின் ஃபைபர் படகில்தான் மாதிரி எடுத்தேன். பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமானால் ஒரு கட்டுரையாவது ஏதாவது ஓர் இதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கொடுத்திருந்த கூடுதல் காலத்தில் ஐந்து மாதம்தான் பாக்கி. இந்த இதழ் கைவிட்டால் இன்னொன்றில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ஐந்து மாதம் பத்தாது.

இந்த இதழில் ஒரு முறை உண்டு. கட்டுரையைப் படித்து மதிப்பிடுகிறவருக்கு எழுதியது யார் என்று தெரியாது; எழுதியவருக்கு மதிப்பிடுவது யார் என்று தெரியாது. எனவே கட்டுரைக்குள் பெயர், ஊர், நன்றியுரை, ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் விவரம் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் எடுத்தேன். மேடம், அதாவது என் வழிகாட்டி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெண்ணிலா, இத எழுதுனது யாருன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பதினோரு நாளில் இதழின் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மிகவும் மரியாதையான மின்னஞ்சல். அதன் சாரம்: "படம் 2-இல் ஆசிரியரின் பெயரும் கல்வித் தகுதிகளும் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. மூன்று நாட்களுக்குள் வேறு படம் அனுப்பவும். தவறினால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். படத்தின் எந்தப் பகுதியையும் மங்கலாக்கவோ அழிக்கவோ கூடாது."

படம் 2-ஐத் திறந்தேன். அப்பாவின் படகு கரையில் நிற்கிறது. வலை அதில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்ட மூன்று அம்புக்குறிகள் போட்டிருக்கிறேன். இரண்டாவது அம்புக்குறியின் நுனி எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றால், நீல பெயின்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இதை: க. வெண்ணிலா, பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.,

எங்கள் ஊரில் படகுக்கு மகள் பெயர் வைப்பது அதிசயமில்லை. பட்டத்தையும் சேர்த்து எழுதுவது அப்பா மட்டும்தான். நான் ஒவ்வொன்றாகப் பாஸ் செய்யச் செய்ய, ஒவ்வொன்றாகப் படகில் ஏற்றிக்கொண்டே வந்தார். எம்.ஃபில்-லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பின்னால் ஒன்றரை அடி வெற்றிடம். கரையில் யாராவது, "இன்னா கலியமூர்த்தி, பெயின்ட் தீந்து போச்சா?" என்று கேட்டால், "இல்லப்பா, பொண்ணு இன்னும் எழுதிக்கினு இருக்குது" என்பார்.

வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய படகு. அதில் என் பெயர் இருப்பது என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அந்தப் படத்தில் நான் பார்த்ததெல்லாம் தெளிவு போதுமா, அளவுகோல் சரியா, அம்புக்குறிகள் ஒரே தடிமனா என்பதுதான். மூன்றும் சரியாகவே இருந்தன.

சுகன்யா மின்னஞ்சலை இரண்டு முறை படித்தாள். "தெளிவா இருக்குன்னு பாராட்டித்தானடி இருக்காங்க" என்றாள். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "வேற யார் படகையாவது படமெடுத்து அனுப்பேன்" என்றாள். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. மேடத்திடம் கேட்டேன்.

"மாதிரி எடுத்தது எந்தப் படகுல?"

"அப்பா படகுல மேடம்."

"அப்ப வேற படகப் போட்டா அது பொய். பேர மறைக்கலாம், படக மறைக்கக் கூடாது. ஊருக்குப் போயி எடுத்துட்டு வா."

மறுநாள் காலை கடலூர் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பட்டியல் போட்டுவிட்டேன். படகில் என் பெயர் இருக்கும் இடங்கள்: முன்பக்கம் இடது, முன்பக்கம் வலது, பின்பக்கம், உள்ளே இன்ஜின் பெட்டி மூடி. அதாவது எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் நான் இருப்பேன்.

அப்பா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நீ எழுதுனத நீ எழுதுனேன்னு சொல்லக் கூடாதா?"

"இப்ப கூடாதுப்பா. அப்புறம் சொல்லலாம்."

"திருட்டு வேலையாம்மா?"

"இல்லப்பா. ஆளப் பாத்து மார்க் போடக் கூடாதுன்னு இப்பிடி வெச்சிருக்காங்க."

அது அவருக்குப் பிடித்திருந்தது. "நியாயமாத்தான் இருக்குது" என்றார். "அதுக்கு என் போட்டு இன்னா பண்ணணும்?"

"பேர கொஞ்ச நேரம் மூடணும்."

அப்பாவின் முகம் மாறியது. அது ஏன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் போடும் மும்முரத்தில் மறந்துவிட்டேன். எங்கள் கரையில் படகின் பெயரை மூடினால் ஒரே அர்த்தம்தான்: படகை விற்றாகிவிட்டது, வாங்கியவன் வேறு பெயர் எழுதப் போகிறான்.

இருந்தாலும் மகளுக்காகச் சம்மதித்தார். தார்ப்பாயை எடுத்து வந்து முன்பக்கம் விரித்துக் கட்டினோம். நான் கேமராவைக் கையில் எடுத்துக் கோணம் பார்ப்பதற்குள் அடுத்த படகின் சேகர் மாமா வந்துவிட்டார்.

"இன்னா மச்சான், போட்ட வித்துட்டியா? ஒரு வார்த்த சொல்லல!"

"விக்கலடா. பாப்பா படம் எடுக்குது."

"விக்காததுக்கு எதுக்கு மூடுற? எங்கிட்ட மறைக்கிற பாரு. யாருக்குக் குடுத்த?"

பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர், படிப்புச் செலவுக்காகத்தான் விற்கிறார் என்று என் எதிரிலேயே காரணம் கண்டுபிடித்தார். இன்னொருவர் இன்ஜின் எத்தனை வருஷம் ஓடியது என்று விசாரித்தார். மூன்றாமவர் உள்ளே ஏறி உட்கார்ந்தே பார்த்துவிட்டார். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு தார்ப்பாயை ஒரே இழுப்பில் பிடுங்கி மணலில் எறிந்தார்.

"நல்லா பாத்துக்கங்கடா! வெண்ணிலா எம்.ஃபில்! எவனுக்கும் விக்கல!"

கூட்டம் கலைந்தது. என் காலக்கெடு கலையவில்லை. அப்பா, "படிப்பு வேணாம்னு சொல்லல. பேர மூடுறது மட்டும் வேணாம்மா" என்றார். நான் மணலில் உட்கார்ந்தேன். நாற்பத்தோரு வரிகளில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

இவ்வளவையும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா வீட்டுக்குப் போனார். துவைத்த சேலை ஒன்றை, ஈரம் சொட்டச் சொட்ட, தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஊதா நிறம், மஞ்சள் பார்டர்.

"தார்ப்பாய் போட்டா வித்தாச்சுன்னு அர்த்தம். சேல போட்டா காயப்போட்டிருக்குன்னு அர்த்தம். தினம் நாலு போட்டுல காயுது, எவன் கேக்குறான்?"

சொல்லிக்கொண்டே பெயரின் மேல் விரித்தார். சேகர் மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது பரவால்ல" என்றார்.

காற்றுதான் பரவாயில்லை என்று விடவில்லை. சேலை பறந்து பறந்து எம்.எஸ்ஸி-யைக் காட்டியது. அதை அமுக்கினால் பி.எஸ்ஸி வெளியே வந்தது. கடைசியில் அப்பா படகுக்குள் குனிந்து ஒளிந்துகொண்டு, சேலையின் மேல்நுனியை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். முப்பத்தாறு படங்கள் எடுத்தேன். ஒன்றில் மட்டும் பெயர் கொஞ்சமும் தெரியவில்லை. வலை தெரிந்தது. அன்று மாலையே சிதம்பரம் திரும்பி, அம்புக்குறிகளை மாற்றிப் போட்டு அனுப்பிவைத்தேன். இந்த முறை படத்தை மூன்று பேருக்குக் காட்டி, எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்கள். வேறு ஏதாவது தெரிகிறதா என்று கேட்கவில்லை.

இரண்டரை மாதம் கழித்து மதிப்பீடுகள் வந்தன. முதல் மதிப்பீட்டாளருக்குக் கட்டுரை பிடித்திருந்தது. இரண்டாமவருக்கும் பிடித்திருந்தது, ஆனால் சில கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி:

"படம் 2-இல் வலைக்கு அருகே காணப்படும் ஊதா, மஞ்சள் நிறத் துணியின் பயன்பாடு என்ன? செய்முறைப் பகுதியில் அதைப் பற்றி எதுவும் இல்லை. அது நண்டுகளை ஈர்க்கவோ விலக்கவோ பயன்படுகிறதா? எல்லா மாதிரிகளிலும் ஒரே துணியா?"

இரண்டாவது கேள்வி:

"அதே படத்தில் துணியைப் பற்றியிருக்கும் இரண்டு கைகள் யாருடையவை?"

சுகன்யா நாற்காலியிலிருந்து விழுந்தாள். (மிகைப்படுத்தவில்லை. சக்கரம் வைத்த நாற்காலி.) மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "உண்மையை எழுதிடு. சுருக்கமா எழுது" என்றார்.

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் அதிகமாகத் திருத்திய வாக்கியம் அதுதான். கட்டுரை ஏற்கப்பட்டது; வெளிவந்தும்விட்டது. செய்முறைப் பகுதியின் கடைசியில் அந்த வாக்கியம் இருக்கிறது: "படம் 2-இல் காணப்படும் துணி, படகின் அடையாளத்தை மறைப்பதற்காகப் படகு உரிமையாளரால் பிடித்துக்கொள்ளப்பட்டது, மாதிரி சேகரிப்பில் அது பயன்படுத்தப்படவில்லை."

வீட்டில் தமிழில் படித்துக் காட்டினேன். "உரிமையாளரால்" என்று வந்த இடத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா கடைசி வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

"பயன்படுத்தலன்னா போட்டிருக்க?"

"ஆமாம்மா."

"அந்தச் சேல இல்லன்னா உன் பேப்பரே இல்ல. பயன்படுத்தலயாம்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தனி வாழ்க்கை வந்துவிட்டது. அப்பா காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, "நான் பயன்படுத்தப்படல" என்கிறார். விருந்தாளி வரும்போது கட்டில் மேல் துணி குவிந்து கிடந்தால், "சேலையப் போட்டு மூடு, கீழ ஒரு வரி எழுதிக்கலாம்" என்கிறார் அம்மா. சேகர் மாமா மட்டும், அன்று படகு விற்கத்தான் பார்த்தார்கள், விலை படியவில்லை என்று இன்னும் நம்புகிறார்.

இன்றைய நிலவரம் இது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன், கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. பட்டியலில் நாற்பத்திரண்டாவது வரி சேர்ந்திருக்கிறது: "படத்தில் படகு உண்டா?" மறுபடியும் லேமினேட் செய்தாகிவிட்டது. வாய்மொழித் தேர்வுக்கு அம்மா அந்த ஊதாச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வரப்போகிறாராம். தேதி இன்னும் வரவில்லை. அப்பா நீல பெயின்ட் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறார். படகில் அந்த ஒன்றரை அடி காலியாகத்தான் இருக்கிறது.